ஸ்பெயின்காரர் பெயரை இடைவெளி பார்த்து வெட்டலாமா?

கேள்வி: கோவையில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். அமெரிக்க வாடிக்கையாளருக்காக எழுதிய பல் கிளினிக் மென்பொருளை, ஸ்பெயினில் சில கிளினிக்குகள் நடத்துபவருக்கு மாற்றிக் கொடுத்தோம். பதிவுப் படிவத்தில் முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்கள். பழைய நோயாளிகளின் பட்டியல் எக்செலில் வந்தது. முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருந்ததால், இடைவெளியை வைத்துப் பிரிக்கும் ஸ்கிரிப்ட் எழுதி ஏற்றிவிட்டோம். இப்போது தினமும் புகார். 'கார்சியா' என்று தேடினால் பாதிப் பேர் வருவதில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு இருக்கிறது. மரியா ஹோசே என்ற பெண்மணிக்கு 'வணக்கம் மரியா' என்று குறுஞ்செய்தி போய், 'அது நான் இல்லை' என்று பதில் வந்திருக்கிறது. மருத்துவர்களின் வரிப்பிடித்தக் கோப்பில் பெயர் பொருந்தவில்லை என்று திரும்புகிறது. இதைவிட நல்ல ஸ்கிரிப்ட் ஏதாவது உண்டா? அல்லது ஒரே கட்டத்தில் முழுப்பெயர் வாங்கிவிட்டால் தீருமா?

பதில்: இன்னொரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டாம். நீங்கள் எழுதியது மோசமான ஸ்கிரிப்ட் என்பதால் இது நடக்கவில்லை. ஸ்பானியப் பெயரில் எது எங்கே முடிகிறது என்ற தகவல் இடைவெளியில் இல்லை; இல்லாத தகவலை எந்த நிரலும் எடுத்துத் தர முடியாது. அதைப் பெயருக்கு உரியவரிடமோ அவருடைய அடையாள அட்டையிலோதான் கேட்டு வாங்க வேண்டும். ஏன் என்று முதலில் விளக்குகிறேன். அது புரிந்தால் படிவத்தில் என்ன மாற்றுவது, ஏற்றிய தரவை எப்படி மீட்பது என்பது தெளிவாகிவிடும்.

ஸ்பெயினில் ஒருவரின் சட்டப்படியான பெயர் மூன்று பகுதிகள் கொண்டது. இடுபெயர், முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர். அவர்கள் மொழியில் நோம்ப்ரே, பிரிமேர் அபெயீதோ, செகுந்தோ அபெயீதோ. வழக்கமாக, அப்பாவின் முதல் குடும்பப் பெயர் முன்னாலும் அம்மாவின் முதல் குடும்பப் பெயர் பின்னாலும் பிள்ளைக்கு வரும். கவிஞர் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்காவின் அப்பா பெயர் ஃபெதெரிக்கோ கார்சியா ரோத்ரிகெஸ். அம்மா பெயர் விசென்தா லோர்கா ரொமேரோ. அப்பாவிடமிருந்து கார்சியா, அம்மாவிடமிருந்து லோர்கா. உங்கள் ஸ்கிரிப்ட் அவரைப் பிரித்திருந்தால் 'கார்சியா'வை நடுப்பெயர்க் கட்டத்தில் போட்டு, கோப்பை லோர்கா என்று அடுக்கியிருக்கும். வரவேற்பு மேசையில் இருப்பவர் முறைப்படி கார்சியா என்று தேடுவார், கிடைக்காது. உடனே புதுக் கோப்பு திறப்பார். உங்கள் முதல் இரண்டு புகாரும் ஒரே வேரில் முளைத்தவை.

இதில் ஒரு நுணுக்கம். கார்சியா ஸ்பெயினிலேயே அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர். அதனால் முதல் குடும்பப் பெயர் மிகப் பொதுவாக இருந்தால், பேச்சில் இரண்டாவதைச் சொல்லியே ஆளைக் குறிப்பிடுவார்கள். கவிஞரை உலகம் லோர்கா என்கிறது. 2004 முதல் 2011 வரை பிரதமராக இருந்த ஹோசே லூயிஸ் ரோத்ரிகெஸ் சபதேரோவை எல்லோரும் சபதேரோ என்றே சொல்வார்கள். ஓவியர் பாப்லோ ரூயிஸ் பிக்காசோ படத்தில் போட்ட கையெழுத்து அம்மா வழிப் பெயர்தான். ஆகவே அடுக்குவது முதல் குடும்பப் பெயரில், தேடுவது இரண்டிலும். தேடல் கட்டம் ஒன்றில் மட்டும் பார்த்தால், தொலைபேசியில் 'நான் சபதேரோ பேசுகிறேன்' என்பவரைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, உங்கள் அமெரிக்கப் பதிப்பில் ஒளிந்திருக்கக்கூடியது. குழந்தை நோயாளிக்கும் பொறுப்பாளருக்கும் 'ஒரே குடும்பப் பெயர்' என்று ஒப்பிடும் நிரல் எங்காவது இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். மேலே உள்ள குடும்பத்தையே பாருங்கள்: அப்பா கார்சியா ரோத்ரிகெஸ், அம்மா லோர்கா ரொமேரோ, பிள்ளை கார்சியா லோர்கா. மூன்று பேருக்கும் மூன்று இணை. இரண்டு பெயரும் அப்படியே ஒத்துப்போவது உடன்பிறந்தவர்களுக்குத்தான். ஸ்பெயினில் திருமணமானால் பெண் பெயர் மாறுவதும் இல்லை. 'திருமணத்துக்கு முந்தைய பெயர்' என்ற கட்டம் இருந்தால் அதுவும் வேண்டாம். குடும்ப உறவைப் பெயரிலிருந்து ஊகிக்காமல், 'இவர் இன்னாருடைய தாய்' என்று தனி இணைப்பாகப் பதியுங்கள்.

அப்பா பெயர் முதலில் என்பதும் இப்போது கட்டாயம் இல்லை. 1999ஆம் ஆண்டின் 40ஆம் சட்டம் பெற்றோர் ஒத்துப்போனால் வரிசையை மாற்றிக்கொள்ள அனுமதித்தது. 2017 ஜூன் 30 முதல் அப்பா பெயருக்கு இருந்த தானியங்கி முன்னுரிமையும் போய்விட்டது. வரிசையைப் பெற்றோர் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பதிவாளர் முடிவு செய்வார். வளர்ந்த பிறகு தன் பெயர் வரிசையை மாற்றக் கேட்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. எனவே கட்டத்துக்கு 'தந்தை வழிப் பெயர்', 'தாய் வழிப் பெயர்' என்று தலைப்பு வைக்காதீர்கள். மெக்சிகோவின் படிவங்களில் அந்த வழக்கம் பரவலாக இருப்பதால், அங்கிருந்து நகலெடுத்த படிவங்களில் இந்தப் பிழை வருகிறது. ஸ்பெயினுக்கு 'முதல்', 'இரண்டாம்' என்பதே சரி. பெயர் மாறலாம் என்பதால், பழைய பெயரைத் தேதியோடு தனி டேபிளில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எந்த ஸ்கிரிப்ட்டாலும் முடியாது என்று சொன்னதற்குச் சான்று. நெப்போலியன் படையை எதிர்த்த கெரில்லாத் தலைவர் ஹுவான் மார்த்தின் தியெஸ். அர்ஜென்டினா டென்னிஸ் வீரர் ஹுவான் மார்த்தின் தெல் போத்ரோ. முதல் இரண்டு சொற்களும் இருவருக்கும் ஒன்றே. முதலாமவருக்கு இடுபெயர் ஹுவான் மட்டும். மார்த்தின் அவருடைய முதல் குடும்பப் பெயர். இரண்டாமவருக்கு ஹுவான் மார்த்தின் இரண்டும் சேர்ந்து இடுபெயர். சொல்லை மட்டும் பார்க்கும் நிரல் எதை வைத்து முடிவு செய்யும்? மார்த்தின், அலோன்சோ, விசென்தே, ஹில், ரமோன் போன்ற பல சொற்கள் இடுபெயராகவும் குடும்பப் பெயராகவும் புழங்குகின்றன. 1906இல் மருத்துவ நோபல் பெற்ற சந்தியாகோ ரமோன் இ கஹாலுக்கு ரமோன் குடும்பப் பெயர். நடுவிலுள்ள 'இ' என்பது 'உம்' என்று பொருள்படும் இணைப்புச் சொல், பழைய வழக்கு. கத்தலோனியாவில் அதே ஒலியை வேறு எழுத்தில் எழுதி இன்றும் சேர்க்கிறார்கள்.

'தெ', 'தெல்', 'தெ லா', 'தெ லோஸ்' வந்தால் குடும்பப் பெயர் தொடங்குகிறது என்று விதி எழுதியிருப்பீர்கள் என நினைக்கிறேன். அதுவும் நிற்காது. தெ லா ஃபுவென்தே குடும்பப் பெயர். மரியா தெல் கார்மென், மரியா தெ லோஸ் ஆங்ஹெலெஸ் இடுபெயர்கள். ஃபெர்னாண்டெஸ் தெ கோர்தோபா என்பது மூன்று சொல் கொண்ட ஒரே குடும்பப் பெயர். அதற்குப் பின் இன்னொரு குடும்பப் பெயர் வரும். சிறுகோட்டையும் நம்ப முடியாது. பிரதமர் பெத்ரோ சான்செஸின் முழுப்பெயர் பெத்ரோ சான்செஸ் பெரெஸ்-கஸ்தெஹோன். சிறுகோடு அவருடைய இரண்டாம் குடும்பப் பெயருக்கு உள்ளேயே இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் குடியேறிய ஸ்பானியர் பலர், கடைசிப் பெயர்க் கட்டம் ஒன்றுதான் இருக்கிறது என்பதால் தம் இரண்டு குடும்பப் பெயரையும் சிறுகோட்டால் ஒட்டி எழுதுகிறார்கள். குடியேறியவரின் கோடு எல்லையைக் காட்டுகிறது, சான்செஸின் கோடு எல்லை இல்லை என்கிறது.

சரி, படிவம். நடுப்பெயர்க் கட்டத்தை முழுவதுமாக நீக்குங்கள். மூன்று கட்டம் இருக்கட்டும்: இடுபெயர், முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர். முதல் இரண்டும் கட்டாயம், மூன்றாவது விருப்பம். மூன்றாவதைக் கட்டாயமாக்குவது ஸ்பெயினிலேயே பலர் செய்யும் தவறு. அங்கே வாழும் வெளிநாட்டவருக்கு அவரவர் நாட்டு ஆவணப்படி ஒரு குடும்பப் பெயர்தான் இருக்கும். கட்டாயம் என்றால் புள்ளி போடுவார்கள், கோடு போடுவார்கள், முதல் பெயரையே இன்னொரு முறை எழுதுவார்கள். அப்புறம் 'கார்சியா கார்சியா' உண்மையான பெயரா, கட்டத்தை நிரப்பப் போட்டதா என்று தெரியாது. அப்பா அம்மா இருவருமே கார்சியா என்றால் பிள்ளை கார்சியா கார்சியாதான். ஸ்பெயினில் இது சாதாரணம். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கும் 'சுத்தம் செய்யும்' நிரல் ஏதும் இருந்தால் நிறுத்துங்கள்.

முதல் குடும்பப் பெயருக்கும் ஒரு வழி விடுங்கள்: 'குடும்பப் பெயர் இல்லை' என்று ஒரு டிக் பெட்டி. தமிழ்நாட்டிலிருந்து போய் பார்சிலோனாவில் வேலை பார்ப்பவரின் இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் வரி வெறுமையாக இருக்கலாம். இனிஷியலை என்ன செய்வது என்று ஒவ்வொரு படிவத்திலும் திணறிய நமக்கு அந்த அவதி புதிதல்ல.

கட்டத்தில் என்ன எழுத்தை ஏற்பது என்ற சரிபார்ப்பு பெரும்பாலும் நன்மையைவிடக் கெடுதல் அதிகம் செய்கிறது. குறைந்தது மூன்று எழுத்து என்ற விதியைத் தூக்குங்கள். 1873இல் ஸ்பெயினின் முதல் குடியரசுக்குத் தலைமை வகித்த ஃபிரான்சிஸ்கோ பி இ மார்காலின் முதல் குடும்பப் பெயர் 'பி'. லத்தீன் எழுத்தில் இரண்டே எழுத்து. இடைவெளி, சிறுகோடு, நேராகவும் வளைந்தும் வரும் மேற்கோள் குறி, புள்ளி, கத்தலான் எழுத்தில் இரண்டு 'எல்' நடுவே வரும் நடுப்புள்ளி ஆகிய எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 100 எழுத்து இடம் கொடுங்கள். பைட் கணக்கில் அல்ல, எழுத்துக் கணக்கில். ஸ்பானிய அழுத்தக் குறி எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இரண்டு பைட் எடுக்கும்.

முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தானியங்கி வேலையும் வேண்டாம். ஸ்பானிய எழுத்து முறையில், இடுபெயரோடு சேர்ந்து வரும்போது 'தெ லா' சிறிய எழுத்து. குடும்பப் பெயர் மட்டும் தனியே வந்தால் முதல் 'தெ' பெரிய எழுத்து. உங்கள் நிரல் எல்லாச் சொல்லையும் பெரிதாக்கினால் இரண்டு இடத்திலும் தப்பு. தட்டச்சு செய்தவர் எப்படி எழுதினாரோ அப்படியே வையுங்கள்.

உலாவியின் தானே நிரப்பும் வசதியையும் சோதியுங்கள். எச்டிஎம்எல் தரத்தில் இடுபெயருக்கு ஒரு குறிச்சொல், கூடுதல் பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்றுதான் உண்டு. இரண்டாம் குடும்பப் பெயருக்குத் தனியே இல்லை. இரண்டு கட்டத்துக்கும் ஒரே குறிச்சொல் கொடுத்தால் 'கார்சியா லோர்கா' முழுவதும் இரண்டு கட்டத்திலும் நிரம்பலாம். முதல் கட்டத்துக்கு மட்டும் கொடுத்தாலும் இரண்டு பெயரும் அதில் போய் விழலாம். எனவே இணையம் வழியாக நோயாளியே நிரப்பும் படிவத்தில், மூன்றையும் சேர்த்துத் திரையில் காட்டி 'சரியா?' என்று ஒருமுறை கேளுங்கள்.

ஒரே கட்டமாக முழுப்பெயர் வாங்கலாமா என்று கேட்டீர்கள். செய்தி மடலுக்கு ஆள் சேர்க்கும் படிவம் என்றால் தாராளமாக, அதுதான் நல்லதும்கூட. உங்களுக்குப் பொருந்தாது, ஸ்பானிய அரசுத் தரப்புகள் பிரித்தே கேட்கின்றன. ஃபக்துராஎ என்ற மின் விலைப்பட்டியல் வடிவத்தில் தனிநபருக்கு இடுபெயர், முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர் மூன்றும் தனித்தனி இடம். மருத்துவர்களின் பிடித்தத்தைச் சொல்லும் 190ஆம் எண் படிவத்தின் கோப்பில் பெயருக்கு 40 எழுத்து இடம். அதில் முதல் குடும்பப் பெயர், ஓர் இடைவெளி, இரண்டாம் குடும்பப் பெயர், ஓர் இடைவெளி, பிறகு முழு இடுபெயர் என்ற வரிசை கட்டாயம். நீங்கள் 'கடைசிப் பெயர், முதல் பெயர், நடுப்பெயர்' என்று கோத்து அனுப்பியிருப்பீர்கள். அவர்களுக்கு அது 'லோர்கா ஃபெதெரிக்கோ கார்சியா' என்று போயிருக்கும். அடையாள எண்ணோடு பொருந்தாமல் திரும்புவது இதனால்தான். அந்தக் கோப்பின் குறியாக்கம் யூடிஎஃப்-8 அல்ல, ஐஎஸ்ஓ-8859-1 என்பதையும் கவனியுங்கள். எல்லாம் பெரிய எழுத்து, அழுத்தக் குறி கிடையாது, ஆனால் அலைக்கோடு போட்ட 'என்' எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அந்தக் குறியாக்கத்தில் அதன் மதிப்பு 209.

அந்த அலைக்கோட்டு எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது நம் 'ஞ' ஒலி. ஸ்பானிய எழுத்து வரிசையின் 27 எழுத்துகளில் அது தனி எழுத்து, 'என்'னுக்கும் 'ஓ'வுக்கும் நடுவே இடம். ஆனால் டேட்டாபேஸ்காரர்கள் பலர் அதை அழுத்தக் குறி போட்ட 'என்' என்று நினைத்து உரித்துவிடுகிறார்கள். தமிழில் ஞானத்தை நானம் என்று எழுதிவிட்டுச் 'சின்ன வித்தியாசம்தானே' என்றால் ஒப்புக்கொள்வோமா? பெஞ்ஞா என்றால் பாறை, பெனா என்றால் துயரம். இரண்டும் வெவ்வேறு பெயர். மைஎஸ்கியூஎல் 8 டேட்டாபேஸின் இயல்பான ஒப்பீட்டு முறை குறிகளைப் பொருட்படுத்தாது. அது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற தனித்துவக் குறியீட்டில் பெயர் இருந்தால் இரண்டாமவரைப் பதியவே விடாது. ஸ்பானிய மொழிக்கான ஒப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் இரண்டும் வேறு. ஆனால் 'மரபு ஸ்பானியம்' என்று இன்னொன்றும் பட்டியலில் இருக்கும், அதை எடுக்காதீர்கள். 'சிஎச்', இரட்டை 'எல்' இரண்டையும் தனி எழுத்தாக அடுக்கும் பழைய வரிசை அது; மொழிக் கழகங்கள் 1994இலேயே கைவிட்டுவிட்டன.

தேடலுக்குத் தனியாக ஒரு சாவி ஃபீல்டு உருவாக்குங்கள். பெயரை யூனிகோடு முறையில் பிரித்து, 0301 (சாய்கோடு), 0308 (இரட்டைப் புள்ளி) இரண்டை மட்டும் நீக்கி, 0303 (அலைக்கோடு) இருந்தால் அதைத் தொடாமல் மறுபடி சேருங்கள். எல்லாக் குறிகளையும் ஒரேயடியாக நீக்கும் தயார் நிரல்கள் அலைக்கோட்டையும் தின்றுவிடும். அந்த எழுத்து இல்லாத விசைப்பலகையில் தேடுபவருக்காக, சரியாகப் பொருந்துபவை மேலே, 'என்' என்று தளர்த்திப் பொருந்துபவை கீழே என்று இரண்டடுக்காகக் காட்டலாம். சேமிக்கும் பெயர் எப்போதும் என்எஃப்சி வடிவில், அதாவது எழுத்தும் குறியும் ஒன்றாகச் சேர்ந்த யூனிகோடு வடிவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு வடிவில் வந்து சேர்ந்த ஒரே பெயர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து, ஒப்பீட்டில் வேறாகும்.

சாவியில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை மரியா. ஸ்பெயினில் மரியாவை 'எம்' எழுத்தும் மேலே சிறிய 'ஏ'யும் போட்டுச் சுருக்குவது பரவலான வழக்கம். அந்தச் சுருக்கம் புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் வரும், வெறும் 'எம்.' என்றும் எழுதுவார்கள். மரியா தெல் கார்மென் ஒருநாள் 'எம்.ஏ கார்மென்' என்று எழுதியிருப்பார். உங்கள் இரட்டைக் கோப்புகளில் கணிசமானவை இப்படி வந்திருக்கும். சாவியில் மட்டும் இவற்றை மரியா என்று விரியுங்கள், 'தெல்', 'தெ லா' போன்றவற்றை நீக்குங்கள். மூலப் பெயரைத் தொடாதீர்கள்.

அழைக்கும் பெயர். மரியா ஹோசே என்பது ஒரே பெயர், பெண் பெயர். ஹோசே மரியா ஆண் பெயர். முதல் சொல்லை மட்டும் எடுத்தால் ஆளும் மாறும், பாலும் மாறும். பெயரை வைத்துப் பாலினத்தை ஊகிக்கும் நிரலையும் இதோடு எடுத்துவிடுங்கள். குறுஞ்செய்தியில் இடுபெயர்க் கட்டம் முழுவதையும் போடுங்கள். அதோடு 'எப்படி அழைக்கலாம்?' என்று விருப்பக் கட்டம் ஒன்றும் வையுங்கள். ஃபிரான்சிஸ்கோவைப் பாக்கோ என்றும், ஹோசே மரியாவைச் சேமா என்றும், மரியா தெரேசாவை மைத்தே என்றும்தான் வீட்டில் கூப்பிடுவார்கள். தொலைபேசியிலும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். முறையான கடிதத்தில் 'சென்யோர்' போட்டால் முதல் குடும்பப் பெயர், 'தோன்' போட்டால் இடுபெயர்.

இனி, ஏற்றிய தரவு. முதல் வேலை, அந்த எக்செல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கிளினிக்கின் பழைய மென்பொருள் ஸ்பெயினில் செய்ததாக இருந்தால் அதில் மூன்று ஃபீல்டும் தனித்தனியாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று யாரோ ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். மூன்று நெடுவரிசையாக மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். கிடைத்துவிட்டால் பெரும்பாலான வேலை முடிந்தது. சிஎஸ்வியாக வந்தால் எக்செலில் நேரடியாகத் திறந்து சேமிக்காதீர்கள். குறியாக்கக் குறி இல்லாத யூடிஎஃப்-8 கோப்பை எக்செல் வேறு குறியாக்கமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கோட்டு எழுத்தையும் இரண்டு குப்பை எழுத்தாக்கிவிடும். அதைச் சேமித்தால் கெட்டது நிலைத்துவிடும்.

கிடைக்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள். முதலில் வந்த முழுப்பெயரை எந்த மாற்றமும் இல்லாமல் தனி ஃபீல்டில் சேருங்கள். ஸ்கிரிப்ட் பிரித்ததை அடிப்படையாகக் கொள்ளாமல் இதிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். 'கார்சியா லோர்கா, ஃபெதெரிக்கோ' என்று காற்புள்ளியோடு இருந்தால் இடுபெயரை நம்பிப் பிரிக்கலாம். மூன்றே சொல், நடுவில் 'தெ' வகைச் சொல் இல்லை, முதல் சொல் இடுபெயர் மட்டும், மற்ற இரண்டும் குடும்பப் பெயர் மட்டும் என்றால் ஒரு முன்மொழிவு தயாரிக்கலாம். எது இடுபெயர், எது குடும்பப் பெயர் என்று பார்க்க ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் வெளியிடும் பெயர்ப் பட்டியல்கள் உதவும். மற்றவை எல்லாம் கையால் பார்க்க வேண்டிய வரிசைக்குப் போகட்டும். எதுவாக இருந்தாலும் 'உறுதியாகவில்லை' என்ற குறியோடுதான் ஏற்ற வேண்டும்.

உறுதி செய்வது கிளினிக் மேசையில். நோயாளி அடுத்த முறை வரும்போது தேசிய அடையாள அட்டையைப் பார்த்துப் பதியச் சொல்லுங்கள். அட்டையின் முன்பக்கத்தில் முதல் குடும்பப் பெயர் ஒரு வரி, இரண்டாவது அடுத்த வரி. ஃபெர்னாண்டெஸ் தெ கோர்தோபா போன்ற நீளப் பெயர் எங்கே முடிகிறது என்று சந்தேகமே வராது. ஸ்கேனர் வாங்கிப் பின்பக்க இயந்திர வரியைப் படிக்கலாமே என்று தோன்றும். அந்த வரியில் இடுபெயருக்கும் குடும்பப் பெயர்களுக்கும் நடுவே இரட்டைக் கோணக் குறி உண்டு. ஆனால் இரண்டு குடும்பப் பெயருக்கும் நடுவே ஒற்றைக் குறிதான், ஒரே பெயருக்குள் இருக்கும் இடைவெளிக்கும் அதே ஒற்றைக் குறிதான். அலைக்கோடும் அங்கே இருக்காது. பெயருக்கு 30 இடமே உள்ளதால் நீளப் பெயர் வெட்டுப்படும். இயந்திர வரியை அடையாள எண்ணுக்கும் பிறந்த தேதிக்கும் பயன்படுத்துங்கள், பெயருக்கு வேண்டாம்.

இரட்டைக் கோப்புகளைச் சேர்க்கவும் அந்த எண்தான் துணை. எட்டு இலக்கம், ஓர் எழுத்து. எண்ணை 23ஆல் வகுத்து வரும் மீதிக்கு ஓர் எழுத்து. 12345678க்கு மீதி 14, எழுத்து 'இசட்'. தட்டச்சுப் பிழையை அங்கேயே பிடித்துவிடலாம். வெளிநாட்டவர் எண் 'எக்ஸ்', 'ஒய்', 'இசட்' மூன்றில் ஒன்றில் தொடங்கும். அவற்றை முறையே 0, 1, 2 என்று மாற்றிக்கொண்டு அதே கணக்கு. ஆனால் இந்த எண்ணைக் கட்டாயச் சாவியாக்க வேண்டாம். 14 வயதுக்குக் கீழே அடையாள அட்டை கட்டாயமில்லை. உங்கள் நோயாளிகளில் குழந்தைகள் இருப்பார்கள். எண், பிறந்த தேதி, தேடல் சாவி மூன்றும் ஒத்தால் சேர்க்கலாம். பெயர் மட்டும் ஒத்தால் ஒருபோதும் தானாகச் சேர்க்காதீர்கள். தவறாகச் சேர்த்த இரண்டு நோயாளிகளின் மருந்து ஒவ்வாமைக் குறிப்பு கலந்தால் உயிருக்கே ஆபத்து.

ஸ்பெயின் கிளினிக்குக்கு ஸ்பானியர் மட்டும் வருவதில்லை. அர்ஜென்டினாக்காரர் பலருக்கு ஒரே குடும்பப் பெயர்; இரண்டாவதைச் சேர்ப்பது அங்கே விருப்பம், இடுபெயரோ மூன்று வரை இருக்கலாம். போர்ச்சுகல், பிரேசில்காரருக்கு வரிசை தலைகீழ்: ஐ.நா. பொதுச் செயலாளராக 2017இல் பொறுப்பேற்ற அந்தோனியோ மனுவேல் தெ ஒலிவெய்ரா குத்தேரெஸுக்கு ஒலிவெய்ரா அம்மா வழி, கடைசியில் வரும் குத்தேரெஸ் அப்பா வழி. அழைப்பதும் அடுக்குவதும் கடைசிப் பெயரில்தான். பிலிப்பைன்ஸ்காரர் பெயர் ஸ்பானியம்போல ஒலித்தாலும், அம்மா வழிப் பெயர் அவர்களுக்கு நடுப்பெயராக வரும். இவர்களுக்காகத் தனித்தனிப் படிவம் வேண்டியதில்லை. அவரவர் ஆவணத்தில் உள்ள வரிசையிலேயே எழுதட்டும். 'அடுக்கும் பெயர்' என்று ஒரு ஃபீல்டை மட்டும் தனியே வைத்து, ஸ்பானியருக்கு முதல் குடும்பப் பெயரிலிருந்து தானாக நிரப்புங்கள், மற்றவருக்குக் கையால் மாற்றலாம்.

வேறு மருத்துவமனை மென்பொருளோடு எஃப்எச்ஐஆர் என்ற மருத்துவத் தரவுப் பரிமாற்றத் தரத்தில் தரவு பரிமாறினால், அதில் குடும்பப் பெயருக்கு ஒரே இடம்தான்; இரண்டையும் இடைவெளியோடு அங்கே எழுதுங்கள். தந்தை வழி, தாய் வழி என்று இரண்டு நீட்டிப்புகளும் அந்தத் தரத்தில் உண்டு. அவை யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்பவை, முதலாவதா இரண்டாவதா என்பதை அல்ல. வரிசை மாற்றிய குடும்பத்தில் தவறாகிவிடும் என்பதால், நோயாளி சொல்லாமல் அவற்றை நிரப்ப வேண்டாம்.

வேலையின் வரிசை இது. குறுஞ்செய்தி வார்ப்புருவில் இன்றே பெயரை நீக்கி 'வணக்கம்' என்று மட்டும் வையுங்கள், பிரிப்பு சரியாகும் வரை. இந்த வாரம் மூன்று நெடுவரிசைப் பட்டியலைக் கேளுங்கள், தேடலை இரண்டு குடும்பப் பெயரிலும் ஓடவிடுங்கள். புதிதாக இரட்டைக் கோப்பு உருவாவது அதோடு குறையும். அடுத்து படிவம், பிறகு தரவு, கடைசியில் வரிக் கோப்பு. புதுப் பதிப்பைக் கொடுக்கும் முன், மேலே சொன்ன ரமோன் இ கஹால், பி இ மார்கால், பெரெஸ்-கஸ்தெஹோன், ஹுவான் மார்த்தின்கள் இருவர், ஒரு கார்சியா கார்சியா, ஒரு பெஞ்ஞா, ஒரு பெனா, குடும்பப் பெயரே இல்லாத ஒரு தமிழர் என ஒன்பது பேரைச் சோதனைத் தரவாக ஏற்றுங்கள். ஒவ்வொருவரையும் பதிந்து, இரண்டு குடும்பப் பெயராலும் தேடி, பட்டியலில் அடுக்கிப் பார்த்து, 40 எழுத்து வரியாக வெளியே எடுத்து, தட்டிய பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.